மீட்டரிலிருந்து ஹிஸ்டோரியன் வரை: நான்கு வழிகளில் உங்களுக்கு எது?

புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை. கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலை. பாகூர் பக்கம் வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் பம்ப் ஹவுஸ்கள். மூன்று இடத்திலிருந்தும் கிட்டத்தட்ட ஒரே கேள்வி வந்தது. "ஹிஸ்டோரியன் வாங்கியாச்சு சார். பிஎல்சியிலயும் மீட்டர்லயும் இருக்குற ரீடிங்கை அதுக்குள்ள எப்படிக் கொண்டுபோறது? ஒருத்தர் ஓபிசி யுஏ போடுங்கறார், இன்னொருத்தர் எம்க்யூடிடிதான் இப்போன்னு சொல்றார். எங்க பழைய மெயின்டனன்ஸ் சாரோ மோட்பஸே போதும்பான்னு முடிச்சிட்டார்."

பிஎல்சி என்பது இயந்திரங்களை ஓட்டும் சின்னக் கணினி. ஓபிசி யுஏ, எம்க்யூடிடி, மோட்பஸ் மூன்றும் கருவிகள் தரவு பேசும் நெறிமுறைகள். மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஆனால் மூன்றும் ஒரே இடத்துக்குச் சரி அல்ல. பழைய ஓபிசியையும் சேர்த்தால் வழி நான்கு.

முதலில், இவற்றை ஹிஸ்டோரியனோடு இணைக்கும் மென்பொருளான கனெக்டர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஹிஸ்டோரியன் என்பது அளவுகளை நேர வரிசையில் சேர்த்து வைக்கும் கிடங்கு. ஒவ்வொரு அளவுக்கும் அதில் மூன்று விஷயம் பதியும்: மதிப்பு, நேரம், அந்த மதிப்பை நம்பலாமா என்கிற குவாலிட்டி. கருவிக்கும் கிடங்குக்கும் நடுவே நிற்கும் கனெக்டர் கருவியிடம் கேட்டு வாங்கும், நேரம் போடும், தேவையற்றதை வடிகட்டும், மிச்சத்தை அனுப்பும். அனுப்ப முடியாவிட்டால் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். விற்பவர்கள் பேசுவதெல்லாம் முதல் வேலையைப் பற்றித்தான். நீங்கள் பின்னால் தலையில் கை வைப்பது கடைசி வேலையால்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நேரம் எங்கே போடப்படுகிறது? அளவு பிறந்த இடத்திலேயே நேரம் ஒட்டிக்கொண்டால், அது எத்தனை மணி தாமதமாக வந்தாலும் சரியான இடத்தில் போய் உட்காரும். கனெக்டரில் ஒட்டினால், கனெக்டருக்கு வந்து சேர்ந்த நேரம்தான் பதியும். ஹிஸ்டோரியனில் ஒட்டினால், இணைப்பு திரும்பியதும் இரண்டு மணி நேரத்து ரீடிங் மொத்தமும் ஒரே நிமிடத்தில் வந்து குவியும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ஓர் ஆலையில் புதிய பிஎல்சி வைத்தோம். கனெக்டர் லாக்கில் மதிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன, ட்ரெண்ட் (ஹிஸ்டோரியன் காட்டும் வரைபடம்) மட்டும் வெறுமையாக இருந்தது. அரை நாள் கேபிள், ஃபயர்வால், பாஸ்வேர்ட் என்று தேடினோம். கடைசியில் பார்த்தால், பிஎல்சி கடிகாரத்தை யாரோ இந்திய நேரத்தில் வைத்திருந்தார்கள். நெறிமுறைப்படி அது யுடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலக நேரத்தில், இருக்க வேண்டும். காலை 10 மணி ரீடிங் மாலை 3.30 மணி ரீடிங்காகக் கிளம்பிப் போயிருக்கிறது. நாளைய கணக்கை இன்றைக்கு எழுத மாட்டேன் என்று ஹிஸ்டோரியன் தள்ளிவிட்டது. பிஐ சிஸ்டம் என்ற ஹிஸ்டோரியனில் சாதாரண டேக் (ஓர் அளவுக்கான பெயர்) ஒன்று, தன் சர்வரின் கடிகாரத்தைவிட 10 நிமிடத்துக்கு மேல் முன்னால் போன நேரத்தை ஏற்காது. ஐந்தரை மணி நேரத்தை எப்படி ஏற்கும்? ஆக, எந்த வழியைத் தேர்ந்தாலும் எல்லாப் பெட்டிகளும் நேரம் சொல்லும் ஒரே என்டிபி சர்வரைப் பார்க்க வேண்டும். இதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

இணைப்பு அறுந்தால் தரவு எங்கே தங்கும்? கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவேதான் கரை ஏறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தது. புயல் அடிக்கும்போது ஆலை நின்றிருக்கும், அப்போது பதிய ஒன்றும் இல்லை. சிக்கல் அதற்கு அடுத்த நாட்களில்தான். ஆலை ஜெனரேட்டரில் ஓடத் தொடங்கிவிடும். ஃபைபர் எங்கோ விழுந்த மரத்தின் அடியில் கிடக்கும். அந்த நாட்களின் தரவு கனெக்டரின் டிஸ்கில் காத்திருக்க வேண்டும்.

அதற்கு எவ்வளவு இடம் தேவை? 500 டேக், ஒவ்வொன்றும் 5 விநாடிக்கு ஒரு தடவை என்றால் விநாடிக்கு 100 மதிப்பு. ஒரு மதிப்புக்கு 30 பைட் வைத்தால் நாளுக்கு ஏறத்தாழ 260 எம்பி. மூன்று நாளுக்கு 1 ஜிபிகூட வராது. டிஸ்க் பிரச்சினையே அல்ல. பஃபர், அதாவது தரவு காத்திருக்கும் இடம், டிஸ்கில் இருக்கிறதா, மெமரியில் இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. மெமரியில் இருந்தால் ஜெனரேட்டர் மாறும்போது ஒரு துடிப்பு போதும், எல்லாம் போய்விடும்.

மீதி அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதிப்போடு குவாலிட்டி வருகிறதா? சென்சார் வயர் அறுந்து பூஜ்யம் காட்டுவதும் உண்மையிலேயே பூஜ்யமாக இருப்பதும் வேறு வேறு. ஃபயர்வாலில் எந்தத் திசையில் எத்தனை ஓட்டை போட வேண்டும்? அப்புறம், போட்டுக் கொடுத்தவர் கிளம்பிப் போன மூன்றாம் ஆண்டில் இதை யார் பார்த்துக்கொள்வார்?

## பழைய ஓபிசி, அதாவது ஓபிசி டிஏ

1996-இல் வந்தது. சிப்காட்டில் பத்து, பதினைந்து வயதான டிசிஎஸ் (ஆலை முழுவதையும் இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு) இருக்கும் ஆலைகளில் இன்றைக்கும் இதுதான் ஓடுகிறது. டேக், நேரம், குவாலிட்டி மூன்றும் தருகிறது. நல்ல குவாலிட்டிக்கு 192 என்ற எண் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம்.

இதன் காலடியில் இருப்பது, மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ள விண்டோஸ் தரும் டிகாம். வேறு மெஷினிலிருந்து இணைத்தால் 135-ஆம் போர்ட்டில் (நெட்வொர்க் வாசல்) தொடங்கி, பிறகு எந்தப் போர்ட்டில் பேசும் என்று முன்கூட்டிச் சொல்லாது. ஃபயர்வால் பார்ப்பவருக்கு இதைவிடத் தலைவலி இல்லை. போதாக்குறைக்கு, டிகாமின் பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் படிப்படியாக இறுக்கியது. 2022 ஜூன் அப்டேட்டில் இறுக்கம் தானாகவே ஆன் ஆனது. 2023 மார்ச் 14 அப்டேட்டுக்குப் பிறகு அதை ஆஃப் செய்யவே வழியில்லை. பழைய ஓபிசி சர்வர் பல இடங்களில் அப்படியே பேச்சை நிறுத்தியது. இதற்குப் பயந்து அப்டேட்டே போடாமல் வைத்திருக்கும் மெஷின்கள் உண்டு. அதுதான் இந்த வழியின் மறைந்த செலவு.

வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒழுங்கு: ஓபிசி சர்வர் இருக்கும் அதே மெஷினிலேயே ஹிஸ்டோரியனின் இன்டர்ஃபேஸையும் பஃபரையும் நிறுவுங்கள். டிகாம் அந்தப் பெட்டியைத் தாண்டி வெளியே வராது. வெளியே போவது ஹிஸ்டோரியனுக்கான ஒரே ஒரு டிசிபி போர்ட். டிசிஎஸ் மாற்றப் போகும் நாள் வரை இது நிம்மதியாக ஓடும். புதிதாக எதையும் இதன்மேல் கட்டாதீர்கள்.

## ஓபிசி யுஏ

2008 வாக்கில் வெளிவந்த அடுத்த தலைமுறை. இப்போது ஐஇசி 62541 என்ற சர்வதேசத் தரம். விண்டோஸ் தேவையில்லை, வழக்கமாக 4840 என்கிற ஒரே போர்ட், இன்றைய பிஎல்சிகள் பலவற்றில் உள்ளேயே வருகிறது. நேரமும் குவாலிட்டியும் மூலத்திலிருந்தே கிடைக்கின்றன. சர்வர் வரலாற்றுத் தரவையும் வைத்திருந்தால், விட்டுப்போன இடைவெளியைக் கனெக்டர் பின்னால் போய்க் கேட்டு நிரப்பவும் முடியும். எல்லா பிஎல்சியும் அப்படி வைத்திருக்காது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதிய ஆலைக்குள் என் முதல் தேர்வு இதுதான். ஆனால் மூன்று இடத்தில் கால் தடுக்கும்.

முதலாவது, மூன்று எண்கள். எத்தனை விநாடிக்கு ஒருமுறை சர்வர் சென்சாரைப் பார்க்கிறது, எத்தனை விநாடிக்கு ஒருமுறை உங்களுக்கு அனுப்புகிறது, இடையில் எத்தனை மதிப்பை வரிசையில் வைத்திருக்கிறது. 1 விநாடிக்குப் பார்த்து, 5 விநாடிக்கு அனுப்பி, வரிசை அளவை 1 என்று விட்டால், ஐந்தில் நான்கு மதிப்பு சத்தமில்லாமல் காணாமல் போகும். எந்த அலாரமும் அடிக்காது. பாய்லர் பிரஷர் ஒரு நொடி ஏறி இறங்கியது உங்கள் ட்ரெண்டில் இருக்காது.

இரண்டாவது, சான்றிதழ். இரு பக்கமும் ஒன்றையொன்று நம்புவதற்கு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும், அதற்குக் காலாவதி தேதி உண்டு. போட்டவர் நோட்டில் எழுதி வைக்காவிட்டால், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பு தானாக அறுபடும். பேட்டரி தீர்ந்து பிஎல்சி கடிகாரம் பழைய வருடத்துக்குப் போனாலும் இதே கதிதான்: "இந்தச் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லையே" என்று தள்ளிவிடும். இந்தத் தலைவலிக்குப் பயந்து பாதுகாப்பையே ஆஃப் செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓட்டுவதற்கு யுஏ எதற்கு?

மூன்றாவது, லைசென்ஸ். கனெக்டர்களில் சில, சர்வரில் இருப்பதையெல்லாம் தானே கண்டுபிடித்து டேக் உருவாக்கும். டெமோவில் பார்க்க அழகாக இருக்கும். ஒரு பம்புக்கு ஓட்டம், அழுத்தம், ஆம்பியர் என்று மூன்று போதும். அது நாற்பதைக் கொண்டுவந்து வைக்கும். ஹிஸ்டோரியனுக்கு டேக் கணக்கில் காசு கட்டுகிறீர்கள் என்றால், தேர்ந்தெடுக்கும் பட்டியலை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஓஎஸ்ஐசாஃப்ட் தொடங்கி, 2021-இல் அவீவா கைக்குப் போன பிஐ சிஸ்டத்தில் இந்த வேலைக்கே மூன்று பெயர் உண்டு. இன்டர்ஃபேஸ் பழையது, டேக்கை நீங்களே ஒவ்வொன்றாக உருவாக்க வேண்டும். கனெக்டர் அடுத்து வந்தது, டேக்கைத் தானே உருவாக்கும். அடாப்டர் புதியது, லினக்ஸிலும் ஓடும். கொட்டேஷனில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேசுகிறவர்கள் மூன்றையும் பொதுவாகக் கனெக்டர் என்றுதான் சொல்வார்கள்.

## நேரடி மோட்பஸ்

1979-இல் மோடிகான் கொண்டுவந்தது. எனர்ஜி மீட்டர், ஃப்ளோ மீட்டர், டிரைவ் என்று கைக்குக் கிடைக்கும் எல்லாவற்றிலும் இருக்கிறது. கருவிக்குத் தனியாகக் காசு கிடையாது, இரண்டு வயர் போதும். பழைய மெயின்டனன்ஸ் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மோட்பஸில் நேரம் கிடையாது, குவாலிட்டி கிடையாது, இது டிகிரியா பாரா என்ற அலகும் கிடையாது. எண் வைக்கும் சின்ன இடங்களான 16 பிட் ரெஜிஸ்டர்கள் மட்டுமே. பாய்லர் ஃபீட் தண்ணீர் 85.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு ரெஜிஸ்டரில் 17067, 0 என்று உட்கார்ந்திருக்கும். அதே வரிசையில் சேர்த்துப் படித்தால் 85.5. கனெக்டரில் வரிசையை மாற்றி வைத்துவிட்டால், பூஜ்யத்துக்கு அப்புறம் நாற்பது பூஜ்யம் தள்ளி ஏதோ ஒரு துளி எண் வரும், திரையில் 0.0 என்று காட்டும். எந்த வரிசை என்பது மீட்டர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எதிர்மறை எண்ணும் இப்படித்தான். பிரைன் (குளிர்விக்கும் உப்புநீர்) −5.0 டிகிரியில் இருக்கிறது, மீட்டர் அதைப் பத்தால் பெருக்கி −50 என்று வைத்திருக்கிறது. குறியில்லா எண்ணாகப் படித்தால் 65486 வரும். நல்லவேளை, இதுவாவது கண்ணில் படும்.

வேகத்தையும் கணக்குப் போடுங்கள். 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓடும் ஆர்எஸ்-485 என்ற வயர் லைனில் ஒரு மீட்டரிடம் 50 ரெஜிஸ்டர் கேட்டு வாங்கப் போகவர சுமார் 0.13 விநாடி, மீட்டர் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்தால் 0.2 என்று வையுங்கள். 20 மீட்டர் ஒரு சுற்று 4 விநாடி. இப்போது ஒரு மீட்டர் செத்துவிட்டது. டைம்-அவுட் 1 விநாடி, மூன்று முயற்சி. சுற்றுக்கு 3 விநாடி கூடிவிட்டது. மூன்று மீட்டர் செத்தால் 4 விநாடி சுற்று 12 விநாடிக்கு மேல் ஆகிவிடும். மற்ற 17 மீட்டரும் பழுதில்லாமலேயே மந்தமாகும். கடலூர்க் கடற்காற்றில் டெர்மினலில் பச்சை பூத்து ஆறு மாதத்துக்கொரு மீட்டர் இப்படிப் படுப்பது சாதாரணம்.

தூரத்து ஹிஸ்டோரியன் சர்வரிலிருந்து நேராக மோட்பஸ் கேட்பதைத் தவிருங்கள். அறுந்த நேரத்துக்கு எதுவும் மிஞ்சாது, பாஸ்வேர்ட் என்ற ஒன்றே இல்லாத நெறிமுறையை ஆலைக்கு வெளியிலிருந்து திறந்து வைத்தது போலவும் ஆகும். மீட்டர் பேனல் பக்கத்திலேயே ஒரு சின்ன கேட்வே பெட்டி வைத்து, அது மோட்பஸில் கேட்டு, நேரம் போட்டு, டிஸ்கில் வைத்து, மேலே யுஏ அல்லது எம்க்யூடிடியாக அனுப்பட்டும். அந்தப் பெட்டிக்கான காசை முதல் கொட்டேஷனிலேயே சேர்த்துவிட்டு, பிறகு மோட்பஸ் மலிவா என்று பாருங்கள்.

## எம்க்யூடிடி

1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களின் ரீடிங்கைச் சாட்டிலைட் இணைப்பில் சிக்கனமாக அனுப்புவதற்காக உருவாக்கியது. பிறந்த காரணமே தூரமும் மோசமான இணைப்பும். பாகூர் பம்ப் ஹவுஸ் கேள்விக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

காரணம் சிம் கார்டு. சாதாரண 4ஜி சிம்முக்கு வெளியிலிருந்து போய்த் தட்டும் முகவரி கிடைப்பதில்லை. ஆகவே யுஏ, மோட்பஸ் போல நடுவிலிருந்து போய்க் கேட்பதென்றால் விபிஎன் போன்ற ஏற்பாடு வேண்டும். எம்க்யூடிடியில் பெட்டியே வெளியே வந்து, மெசேஜை வாங்கிக் கைமாற்றும் புரோக்கரைக் கூப்பிடும். பம்ப் ஹவுஸ் பக்கம் ஃபயர்வாலில் உள்நோக்கி ஓர் ஓட்டைகூடத் தேவையில்லை.

இனி, விற்பவர்கள் விழுங்கிவிடும் பகுதி. "க்யூஓஎஸ் 1 போட்டிருக்கோம் சார், ஒரு மெசேஜ்கூட மிஸ் ஆகாது" என்பார்கள். க்யூஓஎஸ் என்பது மெசேஜ் போய்ச் சேர்வதற்கான உத்தரவாத நிலை. அந்த உத்தரவாதம் பெட்டிக்கும் புரோக்கருக்கும் நடுவே மட்டும். பெட்டிக்குள் பஃபர் மெமரியில் இருந்து கரண்ட் போனால், எந்த க்யூஓஎஸ்ஸும் காப்பாற்றாது. புரோக்கரிலிருந்து ஹிஸ்டோரியன் வரைக்கும் உள்ள தூரம் வேறு கணக்கு.

மெசேஜுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று எம்க்யூடிடி ஒன்றும் சொல்வதில்லை. நேரத்தை நீங்கள் போட்டால் உண்டு. போடாமல், கடைசி மதிப்பைப் புரோக்கரில் தங்கவைக்கும் ரிட்டெயின் வசதியையும் ஆன் செய்திருந்தால் வேடிக்கையைப் பாருங்கள். கனெக்டர் ரீஸ்டார்ட் ஆகும், நேற்று மாலை நின்றுபோன பம்பின் ஓட்டத்தை இன்று காலை ரீடிங்காக வாங்கி எழுதும். ஸ்பார்க்பிளக் பி என்ற ஒழுங்கைப் பின்பற்றினால் நேரம், டேக் பெயர், கருவி உயிரோடு இருக்கிறதா, இது தாமதமாக வந்த பழைய தரவா என்பதெல்லாம் சேர்ந்தே வரும். இரு முனையும் அதை அறிந்திருக்க வேண்டும்.

அப்புறம் புரோக்கர். அதுவும் ஒரு சர்வர்தான். அதற்கும் அப்டேட், பாஸ்வேர்ட், பேக்கப் உண்டு. இரண்டே பெட்டிக்காக ஒரு புரோக்கரைக் கட்டி அழுவதில் அர்த்தமில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஓபிசி டிஏ | ஓபிசி யுஏ | நேரடி மோட்பஸ் | எம்க்யூடிடி |
|---|---|---|---|---|
| நேரம் போடுவது | ஓபிசி சர்வர் | பிஎல்சி அல்லது சர்வர் | கனெக்டர் | நீங்கள் சேர்த்தால் பெட்டி |
| குவாலிட்டி | உண்டு | உண்டு | இல்லை | ஸ்பார்க்பிளக் இருந்தால் |
| கருவிப் பக்கம் அறுந்தால் | இடைவெளி | சில சர்வரில் நிரப்பலாம் | இடைவெளி | பெட்டியின் பஃபரைப் பொறுத்தது |
| ஃபயர்வால் | தலைவலி | ஒரு போர்ட் | ஆலைக்கு வெளியே திறக்கவே வேண்டாம் | வெளிநோக்கி மட்டும் |
| மறைந்த செலவு | அப்டேட் போட முடியாத மெஷின் | சான்றிதழ், டேக் லைசென்ஸ் | ரெஜிஸ்டர் வரைபட வேலை, கேட்வே | புரோக்கர் பராமரிப்பு |

சிஎஸ்வி ஃபைலை ஃபோல்டரில் போட்டு எடுப்பதும் ஒரு வழிதான் என்று ஒருவர் கேட்டார். லேப் ரிசல்ட்டுக்கு அது போதும். விநாடிக்கு விநாடி ஓடும் கருவிக்கு வேண்டாம்.

இன்னொன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆன்லைனில் போகும் கழிவுநீர், புகைபோக்கி அளவுகளின் வழியை இதோடு கலக்காதீர்கள். அனலைசரிலிருந்து அது போகும் பாதை அப்படியே இருக்கட்டும். ஹிஸ்டோரியனுக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

## கேட்ட மூன்று பேருக்கு

சேதராப்பட்டு: புதிய பிஎல்சி, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. யுஏ போடுங்கள். கனெக்டரை ஆபீஸ் நெட்வொர்க்கில் அல்ல, ஆலைப் பக்க மெஷினில் வையுங்கள். அங்கிருந்து ஹிஸ்டோரியனை நோக்கி அது தள்ளட்டும். எனர்ஜி மீட்டர்களுக்கு ஒரு கேட்வே.

பாகூர்: எம்க்யூடிடி. டிஸ்கில் பஃபர் செய்யும் பெட்டி, மெசேஜுக்குள் நேரம், ஒரு புரோக்கர். பம்ப் ஹவுஸ் ஏழெட்டைத் தாண்டுகிறது, அதனால் புரோக்கருக்கான உழைப்பு வீணில்லை.

கடலூர் சிப்காட்: டிசிஎஸ் மாற்ற இன்னும் இரண்டு வருடம் என்கிறார்கள். அதுவரை டிஏவை அதே மெஷினுக்குள் அடக்கி வையுங்கள். இதற்கிடையில் யுஏவுக்கு மாற்றும் பெட்டி ஒன்றை இடையில் சொருகச் சொல்லி யாராவது வருவார்கள். இரண்டு வருடத்துக்காக எனக்கு அது தேவையாகப் படவில்லை.

மூவருக்கும் பொதுவாக ஒன்று சொன்னேன். பில் பாஸ் பண்ணுவதற்கு முன் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். முதலில் கனெக்டருக்கும் ஹிஸ்டோரியனுக்கும் நடுவே உள்ளதை, இரண்டு மணி நேரம். திரும்பச் சொருகினால் ட்ரெண்ட் விட்டுப்போகாமல் நிரம்ப வேண்டும். அடுத்தது கருவிக்கும் கனெக்டருக்கும் நடுவே உள்ளதை. இங்கே இடைவெளி விழலாம், ஆனால் அது இடைவெளியாகவே தெரிய வேண்டும். கடைசி மதிப்பு நேர்கோடாக இழுபட்டால் அது பொய்.

கடலூர்க்காரர் கடந்த வாரம் பிடுங்கிப் பார்த்தார். திரும்பச் சொருகியதும் கடைசி இருபது நிமிடம் மட்டும் வந்தது, அதற்கு முந்தைய ஒரு மணி நாற்பது நிமிடம் காணோம். பஃபரின் அளவு நிறுவும்போது வந்தபடியே நாலைந்து எம்பியில் இருந்திருக்கிறது. நிரம்பியதும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டது. 4 ஜிபி என்று மாற்றிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பிடுங்கியிருக்கிறார்.